இருபத்துமூன்று நம்பர் துண்டும் இரண்டு முன்பல்லும்

இலக்கம் 7, கோயில் லயம்,
கீழ்ப்பிரிவு, ஹட்டன் வழி.
ஞாயிறு, பூசைக்குப் போய் வந்த பிறகு.

அன்புத் தங்கச்சி சிசிலிக்கு, உன் ஒரே அண்ணன் மரியநாயகம் மனமார ஆசீர்வதித்து எழுதிக்கொள்வது. ஆண்டவர் இரக்கத்தால் இங்கே எனக்கு வாயைத் தவிர மற்ற உறுப்புகள் யாவும் சுகம். உன் அண்ணி ஜீவராணிக்கு முழங்கால் வலியைத் தவிர வேறு குறை இல்லை; அந்தக் குறையும் என்னைக் கட்டிக்கொண்ட பிறகு வந்ததுதான் என்கிறாள். வத்தளையில் நீயும் மச்சானும் மருமகள் றொசானாவும் சுகமாக இருக்க இன்றைக்குப் பூசையில் மூன்று பேருக்கும் தனித்தனியாக மன்றாடினேன். உனக்காகக் கொஞ்சம் கூடுதலாக மன்றாடினேன், உன் கோபம் குறையவேண்டும் என்று.

உன் கோபம் நியாயமானது. றொசானாவுக்கு இந்த உலகத்தில் இருக்கிறது ஒரே ஒரு தாய்மாமன். அவளுடைய நிச்சயதார்த்தத்துக்கு அந்த ஒருவனும் வரவில்லை. தனியாக வந்த உன் அண்ணியோ, மாப்பிள்ளை வீட்டார் பலகாரத் தட்டைக் கையில் எடுத்த நேரம் பார்த்து, "அவருக்கு வயித்துப்போக்கு" என்று சொல்லிவைத்திருக்கிறாள். அன்று சாயங்காலம் நீ போன் எடுத்து, "ஏண்ணே, எம்புள்ளய விட ஒனக்கு வயிறு பெரிசாப் போச்சா?" என்று கேட்டாய். நான் "ம்ம்" என்றேன். "கொஞ்சமாச்சும் வருத்தம் இருக்கா?" என்றாய். அதற்கும் "ம்ம்" என்றேன். "அப்ப ஆகஸ்டுல கல்யாணத்துக்கும் வரமாட்ட, அப்புடித்தானே?" என்றாய். அதற்கும் "ம்ம்". நீ போனை வைத்தாய். எட்டு நாளாகிறது, இன்னும் எடுக்கவில்லை. சிசிலி, முதலாவது "ம்ம்" இல்லை என்று அர்த்தம். இரண்டாவது ஆமாம் என்று அர்த்தம். மூன்றாவதுக்கு, "என்ன வார்த்தை சொல்லிவிட்டாய், நிச்சயம் வருவேன்" என்று அர்த்தம். வாயைத் திறந்து சொல்லியிருக்கலாமே என்று கேட்பாய். அதற்கு முதல்நாள்தான் என் முன்பல் இரண்டும் போயிருந்தன. அந்த வாயால் உன் பெயரைச் சொன்னால் விசில் வருகிறது. தங்கச்சியைப் பார்த்து விசிலடித்தவன் என்ற பெயர் இந்த அறுபத்தேழு வயதில் எனக்கு வேண்டாம். ஆகவே நடந்ததை ஒன்றுவிடாமல் எழுதுகிறேன். வாசித்துவிட்டு நீயே தீர்ப்புச் சொல்.

தைப்பொங்கலுக்கு மேல்லயத்துப் பேச்சியம்மா ஒரு துண்டுக் கரும்பு தந்ததில் எல்லாம் ஆரம்பித்தது. கரும்பு நல்ல கரும்புதான், கடித்த ஆள்தான் பழையவன். மேல்வரிசை முன்பல் இரண்டும் பாதி பாதியாக முறிந்தன. முறிந்த பாதி கரும்போடு போயிற்று. மிச்சப் பாதி ஈறில் நின்றுகொண்டு, தேத்தண்ணி பட்டால் ஒரு வலி, பச்சைத்தண்ணி பட்டால் ஒரு வலி, ஹட்டன் குளிர்காற்று பட்டால் இரண்டையும் சேர்த்து ஒரு வலி என்று என்னை ஆட்டிப்படைத்தன. விஷயம் கேள்விப்பட்டு நீ உடனே பணம் அனுப்பினாய். "பிரைவட்ல காட்டு, ஒழுங்கா ஒரு பல்லக் கட்டு" என்று சொன்னாய். நீயும் மச்சானும் சேர்த்துவைத்த காசு அது என்று எனக்குத் தெரியும். அதைச் சட்டைப் பையில் வைத்து ஊசிகுத்திக்கொண்டு ஹட்டனுக்குப் போனேன். நல்ல இடம்தான். மெத்தை நாற்காலி, மீன்தொட்டி, வரிசையே கிடையாது. மேசையில் இருந்த பிள்ளை மரியாதையாகத்தான் கணக்குச் சொன்னது. பிடுங்க இவ்வளவு, படம் எடுக்க இவ்வளவு, கட்டுப்பல்லுக்கு இவ்வளவு. பொருளெல்லாம் வெளிநாட்டிலிருந்து வருவதால் அந்தப் பஞ்ச வருஷத்துக்குப் பிறகு எல்லாம் ஏறிவிட்டது என்றும் சொன்னது. கூட்டிப்பார்த்தேன். மீன்தொட்டியைக் கொஞ்சநேரம் பார்த்தேன். எழுந்து வந்துவிட்டேன். வீட்டில் வந்து, "அந்தக் காசுக்கு ஒரு பசுவே வாங்கலாம் ஜீவராணி, அதுக்குப் பல்லெல்லாம் சேந்தே வரும்" என்றேன். அதற்கு உன் அண்ணி, "பசுவுக்கும் மேல்வரிசைல முன்பல்லு கெடையாதுங்க. பேசாம கவர்மெண்டு ஆஸ்பத்திரிக்குப் போங்க" என்றாள். உன் பணத்தை வாங்கித் தன் அலுமாரிக்குள் வைத்துப் பூட்டிக்கொண்டாள்.

நம் பக்கத்து அரசாங்க ஆஸ்பத்திரியின் பல் கிளினிக் உனக்கு ஞாபகம் இருக்காது. நீ இங்கே இருந்த காலத்தில் கன்னம் வீங்கிக் கண் மூடிப்போனால்தான் யாரும் அங்கே போவார்கள். போனால் பிடுங்குவார்கள், வருவார்கள். வாசல் வாங்குப்பலகையில் நாலைந்து பேருக்கு மேல் இருக்கமாட்டார்கள். நான் மார்ச் மாதம் போய்ப் பார்த்தால், சிசிலி, திருவிழாக் கூட்டம். காலை ஆறு மணிக்கே நம்பர் துண்டுக்கு வரிசை. லயத்துத் தோட்டத் தொழிலாளர் மட்டுமா? பாடசாலை ஆசிரியைகள் இருக்கிறார்கள், ஆட்டோக்காரர்கள் இருக்கிறார்கள், பஜாரில் புடவைக்கடை வைத்திருக்கும் முதலாளி பத்திரிகையை விரித்து முகத்தை மறைத்துக்கொண்டு இருக்கிறார். மீன்தொட்டிக் கணக்கைக் கேட்டுவிட்டு வந்தவர்கள் எல்லாரும் அங்கேதான் இருந்தோம். இங்கே ஊசியும் இலவசம், பிடுங்குவதும் இலவசம், ஓட்டை அடைப்பதும் இலவசம். பொறுமை மட்டும் நாம் கொண்டுபோகவேண்டும்.

டொக்டர் ஒரு சின்னப் பெண், டொக்டர் இமேஷா என்று பெயர், மாத்தறைப் பக்கத்துச் சிங்களப் பிள்ளை. கை சுத்தம், முகத்தில் சிரிப்பு. ஒரே குறை, தமிழில் மூன்றே சொல்தான் தெரியும். திற, மூடு, துப்பு. அன்றைக்கு எனக்கு முன்னால் போனவள் பேச்சியம்மா. வாயைக் கழுவத் தண்ணீர் கொடுத்துவிட்டு டொக்டர் சாந்தமாக, "துப்பு" என்று சொல்லியிருக்கிறது. பேச்சியம்மா நாற்காலியை விட்டு இறங்கி வெளியே வந்துவிட்டாள். "அறுவத்தொம்பது வயசுப் பொம்பளயப் பாத்து துப்புங்குது! எங்கூட்டுக்காரரு செத்து இருவது வருஷம், அவருகூட என்னய ஒருநாளும் அப்புடிச் சொன்னதில்ல" என்று வாங்கு முழுவதும் கேட்கச் சத்தம்போட்டாள். டொக்டர் வாசலில் வந்து நின்று என்ன தப்பு நடந்தது என்று தெரியாமல் விழித்தது. முப்பத்தெட்டு வருஷம் தேயிலைத் தொழிற்சாலையில் இயந்திரம் ஓட்டினேன், மேலே இருந்தவர்களோடு சிங்களத்திலேயே காலம் தள்ளினேன், அந்தத் துணிச்சலில் எழுந்து இரண்டு பக்கத்துக்கும் விளக்கம் சொன்னேன். டொக்டர் கன்னத்தில் கைவைத்துக்கொண்டு பேச்சியம்மாவிடம் போய் மன்னிப்புக் கேட்டது. பிறகு என்னைப் பார்த்துச் சிங்களத்தில், "மாமா, ஒரு நிமிஷம் உள்ளே வந்து இருக்க முடியுமா?" என்றது. ஒரு முக்காலி போட்டுத் தந்தார்கள். அந்த ஒரு நிமிஷம் மார்ச்சிலிருந்து மே கடைசிவரை நீண்டது.

என் சேவையைப் பற்றி நானே சொல்லிக்கொள்ளக் கூடாது, ஆனாலும் சொல்லாமல் முடியாது. வாரத்தில் இரண்டு நாள், சில வாரம் மூன்று நாள், ஆறு மணிக்குப் போய் என் பேருக்கு ஒரு துண்டு எடுத்துக்கொண்டு, முக்காலியில் இருந்து மொழிபெயர்ப்பேன். என் நம்பர் வரும்போது, பின்னால் வலியோடு இருப்பவருக்கு என் முறையைக் கொடுத்துவிடுவேன். டொக்டர், "மாமா, இன்றைக்காவது உங்கள் பல்லைப் பார்ப்போமா?" என்று கேட்கும். "பாவம், அந்தப் பிள்ளை அழுகிறது, அதை முதலில் பாருங்கள்" என்பேன். மாமாவுக்கு எவ்வளவு நல்ல மனசு என்று அந்தப் பெண் நர்ஸிடம் சொல்லும். உனக்கு மட்டும் உண்மையைச் சொல்கிறேன். தொழிற்சாலையில் ஆள் உயரத்துக்குச் சுற்றுகிற ரோலர் பக்கத்தில் நின்று ரொட்டி தின்றவன் நான். அந்தச் சின்ன மிஷின் "ஈ" என்று சத்தம்போட்டால் நான் முக்காலியோடு சேர்ந்து கதவுப்பக்கம் நகர்ந்துவிடுவேன்.

மொழிபெயர்ப்பிலும் நான் கொஞ்சம் உப்புப்புளி சேர்த்தேன் என்பதை ஒப்புக்கொள்கிறேன். டொக்டர் சிங்களத்தில், "ஊசி போடும்போது கொஞ்சம் வலிக்கும்" என்று சொல்லும். நான் தமிழில், "எறும்பு கடிக்கிற மாதிரிதான், அதுவும் சாமி எறும்பு" என்பேன். டொக்டர், "வெற்றிலையைக் குறைக்கவேண்டும்" என்று சொல்லும். நான், "வெத்திலய நிப்பாட்டலன்னா நாக்கையும் பிடுங்கிருவாங்களாம்" என்பேன். இரண்டும் வேலை செய்தது. பயந்தவர்கள் பயம் தெளிந்து உட்கார்ந்தார்கள். "பல்லாஸ்பத்திரில இப்ப நம்ம பேச்சு புரியுதாம்" என்று செய்தி தோட்டம் தோட்டமாகப் போயிற்று. மஸ்கெலியாப் பக்கமிருந்துகூட ஆட்கள் பஸ் ஏறி வந்தார்கள். முன்பு பிடுங்கிவிடுங்கள் என்று மட்டும் கேட்டவர்கள், "அடைக்க முடியுமான்னு கேளுங்க, இது நல்ல பல்லு" என்று கேட்கத் தொடங்கினார்கள். டொக்டரும் கேட்டுக்கேட்டே தமிழ் பிடித்துக்கொண்டது. ஒரே ஒரு சிக்கல். பேச்சியம்மா விவகாரத்துக்குப் பிறகு மரியாதை குறைந்துவிடுமோ என்ற பயத்தில் எல்லாவற்றுக்கும் "ங்க" போட ஆரம்பித்தது. "வாயத் தொறங்க" சரி. "பல்லுங்க ஓட்டைங்க", "ரத்தங்க வருதுங்க, பயமில்லைங்க" என்றெல்லாம் சொல்லும். யாரும் திருத்தவில்லை. கேட்க அவ்வளவு நன்றாக இருந்தது.

இப்படி நாலு பேருக்கு நல்லது நடந்துகொண்டிருந்த இடத்தில்தான் வினை வந்தது. நிச்சயதார்த்தம் சனிக்கிழமை, அதற்கு முந்தின திங்கட்கிழமை டொக்டர் வாடிய முகத்தோடு இருந்தது. என்னவென்று கேட்டேன். மேலிடத்திலிருந்து கடிதம். போன வருஷம் ஒரு நாளைக்கு இருபத்தெட்டு நோயாளி, இந்த வருஷம் அறுபத்தொன்று. போன வருஷம் முழுக்கச் செலவான விறைப்பூசி மருந்து, இந்த வருஷம் ஐந்து மாதத்திலேயே முடிந்துவிட்டது. அடைக்கிற மருந்துச் செலவும் இரண்டு மடங்கு. ஏன் இப்படி என்று விசாரிக்க வெள்ளிக்கிழமை ஒரு அதிகாரி மாத்தையா வருகிறார். பதில் திருப்தியாக இல்லாவிட்டால் கிளினிக்கை வாரத்துக்கு இரண்டு நாளாகக் குறைத்துவிடுவார்கள். டொக்டர் என்னிடம் ஒரு உதவியும் கேட்கவில்லை. "மாமா, உங்கள் மருமகள் வீட்டு விசேஷத்துக்கு நீங்கள் வெள்ளிக்கிழமையே போகவேண்டும் இல்லையா, போய் வாருங்கள்" என்றது. நான் யோசித்தேன். இத்தனை பேரை எறும்புக் கதை சொல்லி இழுத்துவந்தவன் நான். விசாரணை நாளில் பஸ் ஏறினால் நன்றாக இருக்குமா? சனிக்கிழமை விடியவே கிளம்பினாலும் உன் வீட்டுக்கு வந்துவிடலாம் என்று கணக்குப் போட்டு வெள்ளிக்கிழமையும் போனேன்.

மாத்தையா ஒல்லியான மனிதர், கண்ணாடி, கையில் கணினி. அதட்டவில்லை, மிரட்டவில்லை. அதுதான் பயமாக இருந்தது. பதிவேட்டைப் புரட்டிக்கொண்டே டொக்டரிடம், "ஜனத்தொகை கூடவில்லை. ஒரு ஆளுக்கு இருக்கிற பல்லும் கூடவில்லை. பிறகு எப்படி இரண்டு மடங்கு?" என்று சிங்களத்தில் கேட்டார். "முன்பு வராதவர்கள் இப்போது வருகிறார்கள் சேர்" என்றது டொக்டர். "அப்படித்தான் எல்லா இடத்திலும் சொல்கிறார்கள்" என்று மறுபடி புரட்டினார். ஒரு இடத்தில் விரல் நின்றது. முன்னால் போயிற்று, பின்னால் வந்தது. "மரியநாயகம். மரியநாயகம். மறுபடி மரியநாயகம். இந்த ஒரு பெயருக்கு மட்டும் இருபத்துமூன்று துண்டு. செய்த சிகிச்சை என்ற இடத்தில் இருபத்துமூன்று தடவையும் ஒன்றும் இல்லை. டொக்டர், இது உயிரோடு இருக்கிற ஆளா, எண்ணிக்கையைக் கூட்ட எழுதிய பெயரா?"

டொக்டரின் முகம் வெள்ளைத்துணி மாதிரி ஆயிற்று. சிசிலி, அந்தப் பிள்ளை ஒரு துண்டுகூடப் பொய்யாக எழுதவில்லை. எழுதவைத்தவன் நான். முக்காலியை விட்டு எழுந்தேன்.

"நான்தான் மாத்தையா மரியநாயகம்."

"உங்களுக்கு என்ன வருத்தம்?"

"பல்வலி மாத்தையா."

"எவ்வளவு நாளாக?"

"தைப்பொங்கலிலிருந்து."

"இருபத்துமூன்று முறை வந்தும் ஏன் ஒன்றும் செய்யவில்லை?"

வாசலில் நாற்பது பேர் எட்டிப்பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள். சொல்ல ஏதாவது ஒரு பொய் கிடைக்குமா என்று தேடினேன். கிடைக்கவில்லை.

"பயம் மாத்தையா" என்றேன்.

சிங்களம் தெரிந்த ஆட்டோக்காரன் ஒருவன் அதை உடனே தமிழில் பின்னால் அனுப்பினான். அடுத்து பேச்சியம்மாவின் குரல்தான் கேட்டது. "அட நாசமாப் போற தம்பி! எனக்கு சாமி எறும்பு கடிக்கிற மாதிரின்னியேடா! இம்புட்டு நாளும் நீ உக்காரவே இல்லயா? எறும்பு எப்புடி கடிக்கும்னு ஒனக்கு என்னடா தெரியும்?" வாங்கு முழுவதும் சிரித்தது. முதலாளி பத்திரிகையைக் கீழே போட்டுவிட்டுச் சிரித்தார். நர்ஸ் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டது. மாத்தையா மட்டும் சிரிக்கவில்லை. "நோயாளி என்றால் சிகிச்சை செய்யுங்கள். நோயாளி இல்லை என்றால் இவர் அறைக்குள் இருக்கக் கூடாது. நான் பார்த்துக்கொண்டு இருக்கிறேன்" என்றார்.

உட்கார்ந்தேன் சிசிலி. இருபத்துநாலாம் முறை வந்து, முதன்முதலாக அந்த நாற்காலியில் உட்கார்ந்தேன். டொக்டர் என் தோளில் கைவைத்து, "மாமா, எறும்புங்க" என்றது. அது எறும்பு இல்லை. குளவி. சத்தியமாகக் குளவி. ஆனால் ஒரே ஒரு குளவிதான், அதுவும் சீக்கிரம் பறந்துபோயிற்று. பிறகு உதடு, மூக்கு, மீசை எல்லாம் என்னை விட்டுப் போய்விட்டன. அந்த நேரம் பார்த்துத்தான் பேச்சியம்மா உள்ளே வந்து மாத்தையாவுக்கு நேரே நின்று பேச ஆரம்பித்தாள். நானோ வாயைத் திறந்து கிடக்கிறேன், மேலுதடு மரக்கட்டையாகக் கிடக்கிறது. மொழிபெயர்க்க ஆள் இல்லை.

"மாத்தையா, எங்க கணக்கயும் கேட்டுட்டுப் போங்க" என்றாள். "முன்ன நாங்க வரலன்னா எங்களுக்குப் பல்லு வலிக்கலன்னு அர்த்தமா? கெராம்ப வச்சோம், பொகையிலய வச்சோம், ஒரு தரம் எம் மவன் குறட்டாலயே புடுங்குனான். ஆஸ்பத்திரிக்கு வந்தா அரைநாள் சம்பளம் போவும், பஸ்ஸுக்குக் காசு போவும், வந்து சேந்தாலும் எங்க வலிக்குதுன்னு சொல்லத் தெரியாது. வேற பல்லப் புடுங்கிருவாங்களோன்னு பயம். அதனாலதான் ஒங்க பொஸ்தகத்துல அப்ப ஆளு கம்மி. வலி கம்மியில்ல."

மாத்தையா டொக்டரைப் பார்த்தார். டொக்டர் கையில் குறட்டோடு அப்படியே நின்று, கொஞ்சம் கொஞ்சமாக, பேச்சியம்மா சொன்னதைச் சிங்களத்தில் சொன்னது. நான் கிடந்தபடியே ஒவ்வொரு சொல்லாகக் கவனித்தேன். ஒன்றும் விடவில்லை. ஒன்றும் சேர்க்கவும் இல்லை. நான் இருந்திருந்தால் அந்தக் குறட்டுக்கு ஒரு அரை முழம் நீளம் கூட்டியிருப்பேன். தெரியாத ஒரே சொல் பொகையிலை. அதற்குத் தன் கன்னத்துக்குள் விரலை வைத்து அடக்கிக் காட்டிப் பேச்சியம்மாவிடமே, "இதுங்களா?" என்று கேட்டுக்கொண்டது. மாத்தையா கணினியை மூடிவைத்தார். பிறகு பதிவேட்டை மறுபடி எடுத்து, மாதம் மாதமாக ஏதோ கூட்டினார். "பிடுங்கியது குறைந்திருக்கிறது. அடைத்தது கூடியிருக்கிறது" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். "செலவு கூடத்தான் செய்யும்" என்றார். பேச்சியம்மாவிடம், "எத்தனை பல் இருக்கிறது அம்மா?" என்று கேட்டார். டொக்டர் தமிழில் கேட்டது. பேச்சியம்மா வாயை அகலத் திறந்து காட்டினாள். "ஒம்போது. மூணு அடைச்சது. இனி ஒண்ணயும் குடுக்கமாட்டேன்."

அவர் போன பிறகு டொக்டர் என் இரண்டு பல்லையும் பிடுங்கியது. சத்தம் வந்தது, வலி வரவில்லை. பிடுங்கிய இரண்டையும் ஒரு தட்டில் வைத்துக் காட்டியது. ஐந்து மாதம் என்னைச் சித்திரவதை செய்த சாமான் இரண்டும் உப்புக்கல் அளவுதான் இருந்தது. இதற்கா பயந்தேன் என்று நினைத்து டொக்டர் அழுதது. அழுதது நான் என்று உன் அண்ணி சொன்னால் நம்பாதே. போன வியாழக்கிழமை செய்தியும் வந்துவிட்டது. கிளினிக் ஐந்து நாளும் நடக்கும். விறைப்பூசி மருந்தும் கூடுதலாக எழுதிக் கேட்டிருக்கிறாராம். தமிழ் தெரிந்த உதவியாள் ஒருவரை அனுப்பவும் சிபாரிசு செய்திருக்கிறாராம். அதுவரைக்கும் வெளியாள் உள்ளே இருக்கக் கூடாது என்பது உத்தரவு. ஆகவே நான் இப்போது வெளியே வாங்கில் இருந்து, உள்ளே போகிறவர்களிடம் குளவி என்று உண்மையைச் சொல்லி அனுப்புகிறேன். யாரும் திரும்பிப் போகவில்லை.

ஆனால் அந்த வெள்ளிக்கிழமை வீட்டுக்கு வந்தபோது என் முகம் வீங்கிப் பலாக்காய் மாதிரி ஆகிவிட்டது. கண்ணே தெரியவில்லை. காய்ச்சல் வேறு. சனிக்கிழமை படுக்கையை விட்டு எழும்ப முடியவில்லை. எழும்ப முடிந்திருந்தால் தவழ்ந்தாவது வந்திருப்பேன். பல்லுக்குப் பயந்து இருபத்துமூன்று தடவை ஏமாற்றினேன் என்று மாப்பிள்ளை வீட்டார் முன்னால் சொல்ல வெட்கப்பட்டு, வயிற்றின் மேல் பழியைப் போடச் சொன்னவன் நான்தான். உன் அண்ணி மேல் ஒரு குற்றமும் இல்லை. இதுதான் நடந்தது. என் பக்கத்தில் வீக்கம் தவிர வேறு காரணம் எதுவும் இல்லை.

கட்டுப்பல்லுக்குப் பெரிய ஆஸ்பத்திரியில் பதிந்தால் முறை வர ஏழெட்டு மாதமாகுமாம். ஈறு ஆறியதும், நீ அனுப்பிய பணத்தில் ஹட்டனிலேயே கட்டிக்கொள்கிறேன். உன் அண்ணி அலுமாரியைத் திறக்கச் சம்மதித்துவிட்டாள். றொசானாவுக்கு மாமாவின் ஆயிரம் முத்தங்கள். மாப்பிள்ளைக்கு என் ஆசீர்வாதம். மச்சானிடம் இனிப்பைக் குறைக்கச் சொல். உங்கள் வீட்டில் சமாதானமும், எல்லார் வாயிலும் சொந்தப் பல்லும் நிலைத்திருக்க மாதா துணை செய்வாளாக.

இப்படிக்கு,
உன் கோபம் தீரும்வரை போனைக் கையிலேயே வைத்திருக்கும் அண்ணன்,
மரியநாயகம்.

பின்குறிப்பு: கடிதத்தை ஒட்டுவதற்கு முன் உன் அண்ணி வாங்கி வாசித்தாள். வாசித்து முடித்துவிட்டு, "எல்லாஞ் சரிங்க. பலாக்காய் எங்கருந்து வந்துச்சு? வீக்கந்தான் வெள்ளிக்கெழம சாயங்காலமே வத்திருச்சே. காச்சலும் இல்ல" என்றாள். "வேறு மாதிரி எழுதட்டுமா?" என்று கேட்டேன். "தங்கச்சிக்குத்தானே எழுதுறீங்க, உள்ளத எழுதுங்க" என்று சொல்லிவிட்டு அடுப்பைப் பார்க்கக் குசினிக்குப் போய்விட்டாள். சரி, எழுதுகிறேன்.

சனிக்கிழமை விடிய நான் கிளம்பினேன் சிசிலி. வெள்ளைச் சேர்ட், கறுப்புக் காற்சட்டை, றொசானாவுக்கு வாங்கிய சேலையையும் நானே கையில் எடுத்துக்கொண்டேன். ஹட்டன் பஸ் நிலையம்வரை வந்தேன். கொழும்பு பஸ்ஸும் நின்றது. உன் அண்ணி ஏறிவிட்டாள். நான் ஏறப்போகும்போது டிரைவர் பக்கத்துப் பெரிய கண்ணாடியில் என்னைப் பார்த்தேன். சும்மா ஒருதரம் சிரித்துப் பார்த்தேன். நம் பிள்ளைக்கு இருப்பது ஒரே மாமன், அவன் இந்த வாயோடு முன்வரிசையில் நின்றால் மாப்பிள்ளை வீட்டார் தங்களுக்குள் என்ன பேசுவார்கள், அந்தப் பிள்ளை தலைகுனிந்துவிடுமே என்று நினைத்தேன். சேலையை ஜன்னல் வழியாக உன் அண்ணியிடம் கொடுத்துவிட்டுத் திரும்பி வந்துவிட்டேன். நடந்தது அவ்வளவுதான்.

இதை ஒட்டப்போகிற நேரத்தில் றொசானா போன் எடுத்தாள். நீ இல்லாத நேரம் பார்த்து எடுத்தாளாம். வயிற்றைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. "மாமா, பல்லு புடுங்குனா ஒரு வாரத்துக்குக் கஞ்சிதான் குடிக்கணும், குடிச்சீங்களா?" என்றாள். யார் சொன்னது என்று கேட்டேன். அத்தை அன்றைக்கே அவள் காதில் எல்லாவற்றையும் சொல்லிவிட்டாளாம். "அப்ப அம்மாவுக்கு?" என்றேன். "அம்மாவுக்குந்தான் தெரியும். நீங்களா வாயத் தொறந்து சொல்லணும்னு எட்டு நாளா போன மடில வச்சிக்கிட்டு இருக்காங்க" என்றாள்.

தபாலில் இது உன் கைக்கு வர மூன்று நாளாகும். அதுவரை என்னால் பொறுக்க முடியாது. இப்போதே உனக்குப் போன் எடுக்கிறேன். விசில்தான் வரும். எடு.